பெயர் கழன்ற எட்டு மண்டையோடுகள்

எனக்கு எழுத்து கோணல்மாணலாக வரும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன், நடுவில் சிலது மறந்தே போயிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையிலும் வங்கியிலும் கையெழுத்துப் போடத்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். காகிதம் நம் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அதனால் எழுத முடிகிறது.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் எனக்குத் துப்புரவு வேலை. அதற்கு முன் நடவு, களை, அறுப்பு என்று சேற்றிலேயே கிடந்தேன். முட்டி தேய்ந்து வயலில் இறங்க முடியாமல் போன வருஷம் இங்கே வந்து சேர்ந்தேன். கூட்டவும் துடைக்கவும் எனக்குக் கொடுத்தது மூன்றாம் மாடி. அங்கே கடைசியில் வரலாற்றுத் துறையின் சின்ன அறை ஒன்று உண்டு. அதில் ஓர் அலமாரி நிறைய மண்டையோடுகள்.

நிஜ எலும்பு இல்லை. எங்கெங்கோ தோண்டி எடுத்த ஆதி மனிதர்களின் மண்டைகளை அச்சு எடுத்து, பிளாஸ்டிக் போல ஒரு பொருளில் வார்த்தவை. எட்டு இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மரப் பலகைமேல் உட்கார்ந்திருக்கும். பலகையின் முன்பக்கம் இங்கிலீஷில் பெயர் அச்சடித்த காகிதம் பசை வைத்து ஒட்டியிருக்கும். எழுதிக் கேட்டு, நடையாய் நடந்து, இவற்றை வாங்க வைத்தவர் அந்தத் துறையில் இருந்த டீச்சர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் என்னைப் போலக் கூலிக்கு நட்டவர்கள். டாக்டர் பட்டம் வாங்கியிருந்தும் அவருக்கு வேலை நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் ஆர்டர் வந்தால்தான் உண்டு.

நான் கூட்டும்போது டீச்சர் பேசிக்கொண்டே இருப்பார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பது எனக்கும் வசதி. ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன்.

"இதுங்களுக்கெல்லாம் யாரு டீச்சர் பேரு வைக்கிறது? புள்ளைக்கு வைக்கிற மாதிரி காதுல மூணு தடவை சொல்வாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "காதுல இல்லம்மா, அச்சுல. கண்டுபிடிச்சவங்க இது இப்படி இருக்கு, மத்ததுலேருந்து இந்த வகையில வேறன்னு எழுதி, பேரையும் போட்டு வெளியிடணும். முதல்ல யார் வச்சாங்களோ அந்தப் பேருதான் நிக்கும். பின்னாடி வர்றவங்க அதே இனத்துக்கு வேற பேரு வச்சா செல்லாது."

"எலும்பு நிறைய கிடைச்சா?"

"அதுல ஒண்ணைப் பேரு தாங்குறதுன்னு வச்சுக்குவாங்க. எங்க தகராறு வந்தாலும் அந்த எலும்புகிட்டதான் திரும்பிப் போவணும். பேரு ரெண்டு சொல்லு. முதல் சொல்லு குடும்பம் மாதிரி, பெரிய எழுத்துல தொடங்கும். ரெண்டாவது அந்த இனம், சின்ன எழுத்து."

அது சர்க்கார் பேர், காகிதத்தில் அச்சடித்திருப்பது அதுதான். அதுபோக ஒவ்வொன்றுக்கும் கூப்பிடுகிற பேர் ஒன்று இருக்கிறது என்றார். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டில் ஒரு பேர், வாசலில் நின்று கூப்பிட ஒரு பேர். நெல்லுக்கும் அதே கதைதான். விதை மூட்டையில் சி.ஆர். 1009 என்று அச்சடித்திருக்கும், களத்தில் பொன்மணி என்போம். அதைச் சொன்னேன். டீச்சர் வகுப்பிலும் அதையே சொல்லித் தொடங்கப் போவதாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையாகச் சொன்னார். லூசி என்று ஓர் எலும்புக்கூடு, அதன் இனத்து மண்டை ஒன்று எங்கள் அலமாரியில் உண்டு. எடுத்த அன்று கூடாரத்தில் டேப்பில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். அதில் வந்த பெண்ணின் பேர் ஒட்டிக்கொண்டது. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் பாஷையில் வேறு பேர் சொல்கிறார்கள், நீ அதிசயமானவள் என்று அர்த்தமாம். டூமாய் என்று ஒன்று. வறட்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பிறக்கிற பிள்ளைக்கு அந்த ஊரில் வைக்கிற பேர். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற ஆசையில் வைப்பது. கொட்டை உடைக்கிறவர் என்று ஒருவர், கடைவாய்ப் பல் அவ்வளவு பெரிது. மிஸஸ் ப்ளெஸ் என்று ஓர் அம்மாள். முதலில் வைத்த நீளமான பேரைச் சுருக்கி, கூட மிஸஸ் சேர்த்துக்கொண்டார்கள். அது அம்மாளே இல்லை, ஆண் என்று சிலர் இன்னும் சண்டை போடுகிறார்களாம். இந்தக் கதைகளைக் கேட்டபோது நான் ஜன்னல் கம்பி துடைத்துக்கொண்டிருந்தேன். கதை காதில் விழுந்தது, எது எந்த மண்டை என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் நர்மதை ஆற்றங்கரையில் எடுத்த ஒன்றும் அலமாரியில் உண்டு. அதன் காகிதத்தில் மட்டும் இரண்டாவது சொல் முழுசாக இல்லை. இரண்டு எழுத்து, பக்கத்தில் புள்ளி.

"ஏன் டீச்சர், அச்சடிச்சவன் தூங்கிட்டானா?"

"இல்லம்மா. எந்த இனம்னு இன்னும் எல்லாரும் ஒத்துக்கல. அப்படி இருந்தா எஸ்.பி.ன்னு போட்டு நிறுத்திருவாங்க. ஊகிச்சு எழுதக் கூடாது."

டீச்சர் இல்லாத நேரத்தில் நான் என் சௌகரியத்துக்குப் பேர் வைத்திருந்தேன். முகம் ஒருபக்கமாக நசுங்கினது கோணமூஞ்சி. உச்சியில் கொண்டை போல எலும்பு நிமிர்ந்து நின்றது சேவல். வெறும் மேலோடு மட்டும் இருந்த நர்மதை கொட்டாங்குச்சி. கண்ணுக்கு மேலே எலும்பு தடித்து ஓடினது வரப்பு. பின்மண்டை புடைத்திருந்தது கொண்டைக்காரர். குழந்தை மண்டை பாப்பா. மிச்சம் இரண்டு, பொக்கைவாயும் தாடைக்காரியும். தூசி தட்டும்போது மனசுக்குள் கூப்பிட்டுக்கொள்வேன்.

அந்த வருஷம் பூஜை லீவு முடிந்த முதல் வேலை நாளில் கமிட்டி வருவதாக இருந்தது. வெளியூரிலிருந்து மூன்று பேர். அவர்கள் அந்த அறையைப் பார்த்து, பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதினால் டீச்சருக்கு அடுத்த ஆர்டர் வரும். இல்லாவிட்டால் அறையைப் பரீட்சைப் பேப்பர் போடுகிற கிடங்கு ஆக்கிவிடலாம் என்று துறைத்தலைவர் முன்பே சொல்லியிருந்தார். கிடங்குக்கு டீச்சர் எதற்கு? அவ்வளவுதான் கணக்கு.

லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே டீச்சர் ஊருக்குக் கிளம்பினார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"ரூமைச் சுத்தமா வச்சிருங்கம்மா. கமிட்டி ரெண்டு மணிக்குத்தான். நான் காலையில ஒம்பதுக்கெல்லாம் வந்துருவேன்."

அவர் சுத்தமா என்றது தரையை. நான் எடுத்துக்கொண்டது வேறு.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் எதையும் விட்டுவைக்க மாட்டோம். அரிவாள், மண்வெட்டி, மோட்டார் பம்பு, தையல் மிஷின், டிராக்டர், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால்தான் மனசு ஆறும். கல்லூரியிலும் அன்று அதே வேலைதான். பஸ்களைக் கழுவினார்கள், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பொட்டு வைத்தார்கள், கெமிஸ்ட்ரி லேபில் தராசுக்கு மாலை போட்டார்கள். எனக்கு ஒரே யோசனை. கொத்தனாருக்குக் கரண்டி, டிரைவருக்கு வண்டி. இந்த டீச்சருக்கு எது ஆயுதம்? இந்த எட்டும்தானே! இதை நம்பித்தானே அந்தப் பெண்ணின் பிழைப்பு. வேலை நிலைக்க வேண்டுமென்றால் இதற்கல்லவா முதலில் பொட்டு வைக்க வேண்டும்?

இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்தேன். மண்டைகளைத் தனியாகவும் பலகைகளைத் தனியாகவும் எடுத்து வைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு மண்டையாகத் துடைத்துப் பொட்டும் வைத்தேன். இரண்டாம் மாடி கூட்டுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, மண்டையோட்டுக்குக் குளிப்பாட்டு நடக்குதா? பொட்டு வேறயா! நாளைக்கு எந்திரிச்சி வந்து பூ எங்கடின்னு கேக்கப் போவுது."

"சும்மா இரு புள்ள. நீ ஜெராக்ஸ் மிஷினுக்கு வைக்கல?"

"அது மிஷினு யக்கா."

"இது அந்தப் பொண்ணோட மிஷினு. வேலையப் பாத்துக்கிட்டுப் போ."

சிரித்துக்கொண்டே போனாள். நான் வாளியைப் பார்த்தேன். தண்ணீரின் மேலே காகிதங்கள் மிதந்தன. பலகையில் ஒட்டியிருந்த பெயர்கள் எட்டும் கழன்று வந்திருந்தன.

பதமாக அள்ளி ஜன்னல் கட்டையில் காயப் போட்டேன். மை கலங்கி ஊதா நிறமாக ஓடியிருந்தது. ஆனாலும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் எனக்கு அடையாளம் தெரியும், கூட்டிப் படிக்கத்தான் வராது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டு காகிதம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே இருந்தன. இரண்டு மண்டைக்கு ஒரே பேர் எப்படி இருக்கும், அச்சடித்தவன் கூட ஒன்று போட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அதில் ஒன்றை எடுத்து மிச்சக் குங்குமத்தை மடித்து அலமாரி மேலே வைத்தேன். மிச்சம் ஏழு. மண்டை எட்டு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பூஜையன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். நல்ல நாளில் அந்தப் பெண் அம்மா அப்பாவோடு இருக்கும், இதைச் சொல்லி எதற்குக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம். உண்மை அதுவல்ல, சொல்லப் பயம். ஒன்பதுக்கு வந்துவிடுவார், ரெண்டு மணிக்குள் அவரே ஒட்டிவிடுவார் என்று எண்ணி எண்ணியே இரண்டு நாளை ஓட்டினேன்.

வேலை நாள் விடிந்தபோது நல்ல மழை, கூடவே காற்று. எட்டரைக்கு நான் அறையைத் திறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

"டீச்சர் எங்கம்மா?"

"வந்துகிட்டு இருக்காங்க சார்."

"கமிட்டி ராத்திரியே வந்து லாட்ஜில தங்கிட்டாங்க. ஒம்பதரைக்கு முதல்ல இந்த ரூமுக்குத்தான் வர்றாங்க, மத்தியானம் வேற காலேஜு போவணுமாம்." அப்போதுதான் அலமாரியைப் பார்த்தார். எட்டு நெற்றியிலும் சந்தனம், குங்குமம். "என்ன இது? மியூசியமா, மாரியம்மன் கோயிலா?"

"ஆயுத பூஜைக்கு சார்."

"லேபிள் எல்லாம் எங்க?"

ஜன்னல் கட்டையைக் காட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், எது எதுக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா..."

"எனக்கு என்னம்மா தெரியும்? என் பாடம் சோழர் நிர்வாகம். இதெல்லாம் அந்தப் பொண்ணு இழுத்துவிட்ட வேலை. இன்னைக்கு அசிங்கமாச்சு, நாளைக்கே அது பையைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான், சொல்லிட்டேன்." கதவு வரை போய்த் திரும்பினார். "முதல்ல அந்தப் பொட்டை அழி."

ஈரத்துணியால் அழித்தேன். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை, அந்தப் பொருளின் நுண்ணிய குழிகளில் இறங்கிவிட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவித்தான் போயிற்று. சுவர்க் கடிகாரம் எட்டு ஐம்பது காட்டியது. டீச்சருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வடுவூர் தாண்டி மரம் விழுந்து கிடக்கு. பஸ் நகரல. நானே உங்களுக்குப் பண்ணணும்னு இருந்தேன். கமிட்டி முன்னாடியே வருதாமே?"

"டீச்சர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொன்னேன்.

"எத்தனை கழண்டுச்சு?"

"எட்டும்."

"அழாதீங்க. அழுவறதுக்கு நேரமில்ல. பேப்பர் கையில இருக்கா? எஸ்ஸுல ஆரம்பிக்கிறது எது, பாருங்க."

"இருக்கு."

"அது டூமாய். எப்படிச் சொல்லுவேன்... மூஞ்சி ஒரு பக்கமா..."

"கோணமூஞ்சியா?"

"யாரும்மா கோணமூஞ்சி?"

"நான் அப்படித்தான் டீச்சர் கூப்பிடறது. இடது பக்கமா நசுங்கினாப்ல இருக்குமே."

அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான். வைங்க. பி?"

"இருக்கு."

"உச்சியில..."

"சேவலு."

"சரி, சேவல். எச் மூணு இருக்கணும்."

"மூணு இருக்கு."

"ரெண்டாவது சொல்லு ரெண்டே எழுத்து, புள்ளி வச்சது?"

"கொட்டாங்குச்சி. அது எனக்கே தெரியும்."

"இன்னொண்ணு ரெண்டாவது சொல்லு என்னில ஆரம்பிக்கும். நியாண்டர்தால். அப்படி ஒரு பள்ளத்தாக்குல கிடைச்சதால அந்தப் பேரு. பின்பக்கம் புடைச்சிருக்கும்."

"கொண்டைக்காரரு. அப்ப மிச்ச எச்சு வரப்புக்கு. கண்ணுக்கு மேல வரப்பு போட்ட மாதிரி இருக்கறது."

"நல்லா வச்சிருக்கீங்க பேரு," என்றார். குரலில் பதற்றம் குறையவில்லை. "ஏ மூணு இருக்கும். எடுங்க."

"ரெண்டுதான் டீச்சர் இருக்கு."

"மூணும்மா. ரெண்டு ஒரே மாதிரி, ஒண்ணு வேற."

"ஒரே பேரு எப்படி ரெண்டு பேருக்கு..."

"ஒரே இனம்மா! ஒண்ணு குழந்தை, ஒண்ணு பெரியவங்க. நாத்தும் கதிரும் ஒரே நெல்லுங்கற மாதிரி. அந்தப் பேப்பர் எங்க?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். முட்டி விண்ணென்று தெறித்தது. குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிவிட்டு, காகிதத்தைச் சேலையில் துடைத்தேன். செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. எழுத்து தெரிந்தது.

"கிடைச்சிட்டு டீச்சர்."

"பாப்பாவுக்கு ஒண்ணு வைங்க. அதே பேருல இன்னொண்ணை மிஸஸ் ப்ளெஸுக்கு. அவங்களை எப்படித் தெரியும்னா..."

அதோடு சத்தம் நின்றது. ஹலோ ஹலோ என்று கத்தினேன். மறுபடி போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். திரும்பப் போட்டேன். அதே பெண்.

மணி ஒன்பது பதினேழு. ஆறு பலகையில் பசை தடவி ஒட்டி முடித்தேன். என் எதிரே பொக்கைவாயும் தாடைக்காரியும். கையில் இரண்டு காகிதம், ஒன்று ஊதா, ஒன்று சிவப்பு. ஒருவர் மிஸஸ் ப்ளெஸ், மற்றவர் லூசியின் இனம். எவர் எது?

இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் சின்ன மண்டை, இரண்டுக்கும் வாய் முன்னே தள்ளியிருந்தது. பொக்கைவாய் வயசானவர் போலத் தெரிந்தது, மிஸஸ் என்றால் வயசானவராகத்தானே இருக்கும் என்று தோன்றியது. உடனே, ப்ளெஸைவிட லூசிதான் பழசு என்று டீச்சர் சொன்ன ஞாபகம் வந்து குழப்பியது. ஏதாவது ஒன்றை ஒட்டிவிட்டால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். ஒட்டாமல் விட்டால் அறைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது வெறும் பலகைதான். பசைக் குச்சி ஒருதடவை சிவப்புக் காகிதத்தின் முதுகில் பட்டேவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. துறைத்தலைவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தார்.

அப்போது என் கண் கொட்டாங்குச்சியின் காகிதத்தில் நின்றது. எஸ், பி, ஒரு புள்ளி. இவ்வளவு படித்தவர்களே முடிவாகாததை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதுவும் தெரியாத நான் எந்தத் துணிச்சலில் ஒட்டுவது? நான் மாற்றி ஒட்டினால் அது என் தப்பாகத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அவள் பாடமே தெரியவில்லை என்றுதான் எழுதுவார்கள். பசையைத் துடைத்தேன். இரண்டு காகிதத்தையும் இரண்டு பலகைக்கும் நடுவே விரித்து வைத்துவிட்டுக் கதவு ஓரம் ஒதுங்கினேன்.

மூன்று பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஓர் அம்மாள். கண்ணாடி, நரைத்த தலை, கதர்ப் புடவை. ஆண்கள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் நேராக அலமாரிக்கு வந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கோணமூஞ்சி முன்னால் நின்றார். சேவலிடம் நின்றார். நான் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன, நெத்தியில சிவப்பு?"

துறைத்தலைவர் முந்திக்கொண்டார். "கிளீனிங் ஸ்டாஃப் மேடம். தெரியாம..."

"இந்த ரெண்டுக்கு லேபிள் ஏன் ஒட்டல?"

"இதைப் பார்த்துக்கற லெக்சரர் இன்னும் வரல மேடம்." அதைச் சொன்ன விதத்திலேயே டீச்சரின் வேலை பாதி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

என் வாழ்நாளில் அப்படிப் பேசினதில்லை. கல்யாணத்தன்றுகூட யாரையும் நிமிர்ந்து பார்க்காதவள்.

"அம்மா, கழுவினது நான்தாங்க. ஆயுத பூஜைக்கு. டீச்சருக்குத் தெரியாது. பேரெல்லாம் கழண்டு போச்சு. போன்லயே சொல்லிச் சொல்லி ஆறு ஒட்ட வச்சாங்க, பஸ்ஸு மரத்துல மாட்டிக்கிச்சு. அதுக்குள்ள போனு போயிட்டு. இது ரெண்டும் எதுன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாம ஒட்டக் கூடாதுன்னு அப்படியே வச்சிட்டேன்."

துறைத்தலைவர் என்னை முறைத்தார்.

"இந்த ஆறும் நீங்களா ஒட்டினீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமாங்க."

"எப்படி அடையாளம் தெரிஞ்சுது?"

சேவல், வரப்பு என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். ஆண்களில் ஒருவர் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வரப்பின் அருகே மறுபடி குனிந்து, விரலால் அந்தத் தடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார். நீளமாக எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எனக்குப் படிக்கவும் தெரியாது.

அப்போதுதான் டீச்சர் வந்தார். மரம் கிடந்த இடத்தைத் தாண்டி நடந்து, யாரோ ஒருவரின் பைக்கில் ஏறி வந்திருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வணக்கம் சொல்லிவிட்டு, நேராகப் பொக்கைவாயின் பலகையை எடுத்துச் சிவப்புக் காகிதத்தை ஒட்டினார்.

"பல்லு இல்லாதது ப்ளெஸ்ம்மா," என்று என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அதைத்தான் சொல்ல வந்தேன்."

"பயிற்சி இல்லாதவங்க கையில சாவி எப்படிப் போச்சு?" என்று அந்த அம்மாள் அவரைக் கேட்டார்.

"நான்தான் கொடுத்தேன் மேடம். பொறுப்பு என்னுது."

அந்த அம்மாள் தலையை அசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். மாணவர்கள் எத்தனை பேர், வாரம் எத்தனை வகுப்பு. டீச்சர் நின்ற இடத்தில் தரை குளமாகிக்கொண்டிருந்தது. எனக்குத் துடைப்பானை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

முடிவு வரத் தீபாவளி தாண்டிவிட்டது. அந்த நாள்களில் டீச்சர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கடைசியில் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தித் தாளைக் காட்டினார். அறை இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மாதிரிகளைக் கையாளுவதில் கவனக்குறைவு என்றும் எழுதியிருந்தார்கள். நிரந்தரம் ஆக்கச் சிபாரிசு செய்யவில்லை, ஒரு வருஷம் நீட்டிக்கலாம் என்றிருந்தது.

"அந்தக் கவனக்குறைவு இல்லாட்டி நிரந்தரம் ஆகியிருக்குமா டீச்சர்?"

அவர் தாளை மடித்தார். "தெரியலம்மா," என்றார். என்னைச் சமாதானப்படுத்த, ஆகியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

அந்த வாரமே என்னைத் தரைத் தளத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாடி சாவி இப்போது ஆபீஸில் இருக்கிறது. பெயர்களைத் தகரத்தில் பொறித்துப் பலகையில் ஆணி அடித்துவிட்டதாக இரண்டாம் மாடிப் பெண் சொன்னாள். டீச்சருக்கு மேலும் ஒரு வருஷம் ஆர்டர் வந்தது, இனி அடுத்த வருஷத்துக்குக் கமிட்டி வர வேண்டும். காலையில் மாடியேறும்போது என்னைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டுப் போவார். நானும் அசைப்பேன். அவர் கண்ணைப் பார்க்க இன்னும் எனக்கு வரவில்லை.

இதை அவரிடம் காட்டித் திருத்தி வாங்கலாம் என்றால், கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களில் அவர் தலை நிமிராமல் கிடக்கிறார். என் பங்குக்கு இன்னொரு வேலை வைக்க மனசு வரவில்லை. நான் காதால் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன், அதுவும் கூட்டிக்கொண்டே கேட்டது. ஊர்ப் பேர், பாஷை, எது யாருக்கு முதலில் வைத்தது என்பதில் எல்லாம் தப்பு இருக்கும். இந்த எலும்புகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒவ்வொரு பேரையும் தயவுசெய்து ஒருதடவை சரிபாருங்கள். தப்பு இருந்தால் அது நான் காதில் வாங்கினதில் வந்தது. அந்த டீச்சர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.